வயோலா மட்டும்

வீடு ஒழுகுதுன்னாரே அண்ணன், எங்க ஒழுகுது மதினி? நானும் வந்ததுல இருந்து அண்ணாந்து அண்ணாந்து பாக்கறேன், ஒரு கறை இல்ல, ஒரு விரிசல் இல்ல. 'ஊர்ல வீடு ஒழுகுது, போய்ப் பாத்துட்டு வந்துடறேன்'னு சொல்லிட்டுத்தான் மெட்ராஸ்ல இருந்து கிளம்பினாரு. மாசம் ஒண்ணாச்சு. கோவில்பட்டியில கடைசியா மழை எப்பப்பா பேஞ்சுதுன்னு ஆட்டோக்காரன்கிட்ட கேட்டேன். அவன் என்னையத் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறான்.

இல்ல, உக்காரல. நின்னுக்கறேன். பஸ்ல உக்காந்து உக்காந்து இடுப்பு மரத்துப் போச்சு. சாத்தூர்ல எங்க சித்தி மகன் புதுவீடு கட்டியிருக்கான், அதுக்கு வந்தேன், வந்த வழியில உங்களையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு. என்ன? ஆமா, சாத்தூரத் தாண்டித்தான் கோவில்பட்டி. எனக்குத் தெரியாதா, நான் பாளையங்கோட்டையில பொறந்தவ. கொஞ்சம் தாண்டி வந்துட்டேன், அதனால இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?

அண்ணன் வெளிய போயிருக்காரா. சரி. வாசல்ல அவர் செருப்பு கெடக்கு. இந்த வெயில்ல வெறுங்காலோட போயிருக்காரு போல. உள் ரூம் கதவ ஏன் இப்படிச் சாத்தி வெச்சிருக்கீங்க, காத்து வரவேண்டாமா? சரி சரி, இருக்கட்டும், தொறக்க வேண்டாம். நான் அவரக் கூப்பிட வரல. அத முதல்லயே சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை எழும்பூர்ல கச்சேரி. அவர் வந்தா நாலு பேரு. வரலேன்னா மூணு பேரு. மூணு பேரு வாசிக்கற மாதிரி, பாட்டு எழுதின ஆளு ஒண்ணும் எழுதி வெக்கல, அதனால கச்சேரி கிடையாது. அவ்வளவுதான் விஷயம். அதுக்காக நான் வந்து கால்ல விழுவேன்னு யாரும் நெனைக்க வேண்டாம்.

கொஞ்சம் சத்தமாத்தான் பேசறேன். எனக்குத் தொண்டை அப்படி. நீங்க இங்க மாமியார், மாமனாரப் பாத்துக்கிட்டு இருக்கீங்க, அவர் அங்க ஒத்தை ரூம் எடுத்து இருக்காரு. அங்க என்ன நடந்துதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் வாயத் தொறந்து சொல்லியிருக்கப் போறதில்ல. நான் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு வெள்ளைக்காரன். ஹால்ட்னர்னு பேரு. செத்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. செத்தவன் சும்மா கெடக்கலாம்ல? எங்க வீட்டு ஹால்ல வந்து உக்காந்துட்டான். எங்க வீட்டுக்காரருக்கு யாரோ கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துக் குடுத்திருக்காங்க, அந்த ஆளு எழுதின ஆறு பாட்டு. பாட்டுன்னா வாய்ப்பாட்டு இல்ல. ரெண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, நாலு பேரு சேந்து வாசிக்கறது. இவர் அந்தப் பேப்பரக் கையில வெச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள நடக்கறாரு, நடக்கறாரு, நடந்துக்கிட்டே இருக்கறாரு. சாப்பிட வாங்கன்னா, 'முப்பது வருஷமா வாசிக்கறேன், ஒரு தடவையாவது ஒண்ண முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சிருக்கேனா?'ன்னு கேக்கறாரு. என்கிட்ட கேட்டா? ரசம் ஆறுது.

ஆனா அது நெசந்தான் மதினி. சினிமா ரெக்கார்டிங்னா என்னன்னு நெனைக்கறீங்க? காதுல ஒரு ஹெட்போன், அதுல டிக் டிக்னு ஓடிக்கிட்டே இருக்கும், அதப் பிடிச்சுக்கிட்டே வாசிக்கணும். முழுப் பாட்டு கிடையாது. துண்டு. பாட்டுக்கு நடுவுல கதாநாயகி ஓடிவர்றதுக்கு ஒரு துண்டு, வில்லன் கதவத் தொறக்கறதுக்கு ஒரு துண்டு. தப்பு வந்தா எல்லாரும் நிறுத்திடணும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்து குரல் வரும், 'ஒன் மோர்'. யார்கிட்ட தப்புன்னு சந்தேகம்னா, 'செல்லோ மட்டும்'னு சொல்லுவாங்க, அவங்க மட்டும் ஒத்தையா வாசிச்சுக் காட்டணும். இப்படியே இவரும் அண்ணனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில உக்காந்து உக்காந்து தலை நரைச்சுப் போச்சு.

சரி, நாலு பேரும் வந்தாங்க. இவர் முதல் வயலின். ஜெபராஜ் தம்பி ரெண்டாவது. ராவ் சார் செல்லோ. அண்ணன் வயோலா. என் சோபாவத் தூக்கி மொட்டை மாடிக்குக் கொண்டு போயிட்டாங்க, இன்னும் அங்கதான் கெடக்கு, பூனை குட்டி போட்டிருக்கு அதுல. முதல் நாள் வாசிக்கறாங்க. நான் அடுப்படியில இருக்கேன். நல்லாப் போயிக்கிட்டிருக்கு, டக்குனு நின்னுபோச்சு. என்னமோ ஏதோன்னு எட்டிப் பாத்தா, நாலு பேரும் வில்லை மடியில வெச்சுக்கிட்டு என் ஷோகேஸ் கண்ணாடியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க! எதுக்கு? யாரோ தப்பு பண்ணிட்டாங்க. குரல் வரணும். குரல் வந்தாத்தானே மறுபடி தொடங்குவாங்க? கண்ணாடிக்குப் பின்னாடி எங்க வீட்டுல பீங்கான் நாய்தான் இருக்கு.

நான் பாத்தேன். இது விடியாதுன்னு, கரண்டியக் கையில வெச்சுக்கிட்டே 'ஒன் மோர்!'னு ஒரு சத்தம் குடுத்தேன். உடனே நாலு வில்லும் மேல ஏறுச்சு, ஆரம்பிச்சுட்டாங்க. என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல. அன்னைல இருந்து அதுவே பழக்கமாப் போச்சு. அவங்க நிப்பாங்க, நான் கத்துவேன். எனக்குச் சங்கீதம் ஒரு மண்ணும் தெரியாது. ஆனா அந்த வீட்டுல நான் ஒரு நாள் இல்லேன்னா அவங்க ஒரு பக்கம் தாண்ட மாட்டாங்க, அது மட்டும் தெரியும்.

அண்ணனக் கேலி பண்றதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. அவரும் கோவிச்சுக்க மாட்டாரு. அந்த வயோலா இருக்கே, பாத்தா வயலின் மாதிரிதான் இருக்கு, கொஞ்சம் பெருசு, ஆனா சத்தம் எங்க வருது? மேல இவரு இழுக்கறது கேக்குது, கீழ ராவ் சார் உறுமறது கேக்குது. நடுவுல அண்ணன் வேர்த்து விறுவிறுத்து என்னமோ செய்யறாரு, ஒண்ணும் கேக்கல. 'அண்ணே, அந்தக் கேக்காத பெட்டிய ஏன் தூக்கிக்கிட்டு பஸ் மாறி பஸ் மாறி வர்றீங்க'ம்பேன். சிரிப்பாரு. ரெண்டாவது டம்ளர் காப்பி கேட்டு வாங்கிக் குடிப்பாரு. நல்ல மனுஷன்.

என்ன மதினி, முகம் ஒரு மாதிரி ஆகுது? தலைவலியா? காப்பி வேண்டாம், போட்டுடாதீங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது. இன்னும் அஞ்சு நிமிஷம்.

அந்த ஹால்ட்னர் கதையச் சொல்லணும். வாசிச்சு முடிச்சதும் தினமும் அவன் புராணம்தான். கோயில்ல ஆர்கன் வாசிக்கறவன் மகனாம். ஒரு பிரபு வீட்டுல வேலைக்குச் சேந்திருக்கான். வேலைன்னா என்ன, சங்கீதம் எழுதறது. ஆனா சாப்பாடு சமையக்காரன், குதிரைக்காரன் கூட. அவங்களுக்குக் குடுக்கற அதே பொத்தான் வெச்ச சட்டை. எழுதினதக் கையில எடுத்துக்கிட்டுக் கதவோரம் நிக்கணும், பிரபு கூப்பிட்டாப் போலாம். அந்தப் பிரபு கூப்பிடவே இல்லையாம். வேலை போச்சு. வேற ஊரு. அங்கயும் போச்சு. வேற ஊரு. வண்டி மேல வாத்தியத்தக் கட்டி வெச்சுக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சிருக்கான். பெரிய வாத்திய கோஷ்டி வெச்சு எழுத யார் கூப்பிடறா? நாலு நாற்காலி போட்டா நடக்கற சங்கீதம்தான் அவனுக்கு மிஞ்சுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததக் கேளுங்க. பாரிஸ்ல ஒருத்தன் அந்தப் பாட்ட அச்சுப் போட்டிருக்கான். ஹால்ட்னர்னு போட்டா யாரு வாங்கறா? வேற ஒரு பெரிய ஆளு பேரப் போட்டுட்டான். நல்லா ஓடியிருக்கு. ஒரு பணக்காரன் வீட்டு விருந்துக்கு வாசிக்க இவனக் கூப்பிட்டிருக்காங்க, வயோலாவுக்கு ஆள் இல்லேன்னு. போய் உக்காந்து பாத்தா, மேஜை மேல இவன் எழுதினதே இருக்கு, மேல இன்னொருத்தன் பேரு! இவன் என்ன பண்ணினான்னு நெனைக்கறீங்க? ஒண்ணும் பண்ணல. வாசிச்சான். எழுந்து போயிட்டான். அவனும் வயோலாதானாம், கவனிச்சுக்கங்க.

இதச் சொல்லும்போது எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு கலங்கிடும். அண்ணன் தலையக் குனிஞ்சுக்குவாரு. எனக்கு எரிச்சலா வரும். 'இது நான் எழுதினதுய்யா'ன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா? நான் ஒரு நாள் கேட்டேன், அவன் பொண்டாட்டி பேரு என்னன்னு. நாலு பேரும் முழிக்கறாங்க. எங்கயும் எழுதி வெக்கலையாம். வண்டியில கூடவே அலைஞ்சவ, வாசிக்க வந்தவங்களுக்கெல்லாம் வடிச்சுக் கொட்டினவ, அவ பேரு இல்ல. அன்னைக்கு நான் காப்பி போடல, போங்கன்னுட்டேன். அண்ணன்தான் அடுப்படி வாசல்ல வந்து நின்னு, 'தங்கச்சி, அந்தம்மா பேரு எங்கயாவது இருக்கும், தேடிப் பாக்கச் சொல்றேன்'னாரு. அதுக்கப்புறம்தான் பாலை அடுப்புல வெச்சேன்.

இப்பதான் முக்கியமான இடம். எங்க சர்ச் ஹால்ல ஒரு சாயங்காலம் வாசிக்கச் சொன்னாங்க. நல்ல கூட்டம். பாஸ்டர் ஐயரு ஒவ்வொருத்தரா பேர் சொல்லி நிறுத்தினாரு, 'வயோலா, திரு. கொண்டல்சாமி'ன்னதும் நான்தான் முதல்ல கை தட்டினேன், நம்புங்க. இவர் புதுச் சட்டை. நான் பின் வரிசை. இன்னைக்காவது நிக்காம ஒண்ண முழுசா முடிக்கணும் ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

முதல் பாகம் போச்சு. ரெண்டாவது, மெதுவாப் போற பாகம். அதுல ஒரு இடத்துல எல்லாரும் மூச்சுப் பிடிச்சு ஒண்ணா எறங்கணும். இவர் அவசரக் குடுக்கை, ஒரு நூல் முன்னாடி எறங்கிட்டாரு. அதாவது, யாரோ எறங்கிட்டாங்க. யாருன்னு யாருக்குத் தெரியும்? நாலும் கலைஞ்சு போச்சு. நின்னுட்டாங்க. நாலு வில்லும் மடிக்குப் போச்சு. நாலு பேரும் எதிர்ல பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. குரல் வரணும். யாரு குடுக்கறது?

நான் குடுத்தேன். வேற யாரு குடுப்பா? பின் வரிசையில இருந்து எழுந்து, 'ஒன் மோர்! வயோலா மட்டும்!'னு கத்தினேன்.

ஏன் வயோலான்னா கேக்கறீங்க? யாராவது ஒருத்தரச் சொல்லணும்ல. எல்லாரும் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டிருக்காங்க, தப்பு யாருது யாருதுன்னு. ஊரே கூடியிருக்கற சபையில புருஷனப் பாத்து விரல் நீட்டுவீங்களா நீங்க? மாட்டீங்கல்ல? ஜெபராஜ் சின்னப் பையன், அழுதுடுவான். ராவ் சாருக்கு ரத்தக் கொதிப்பு. அண்ணன்னா நம்ம மனுஷன், ஒண்ணும் நெனைக்க மாட்டாரு.

அப்புறம் நடந்ததுதான் மதினி தமாஷ். குரல் வந்துச்சா, முப்பது வருஷப் பழக்கம், அண்ணன் பாட்டுக்கு வயோலாவத் தூக்கித் தோள்ல வெச்சு வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு! ஒத்தையா! ஹால் நடுவுல! அதுல என்ன இருக்கு, மெட்டா, கிட்டா? தும், தும், தும்னு அடியில போற ஒரே சத்தம், நடுவுல ஒரு சின்ன வளைவு, மறுபடி தும், தும். ஒரு பிசிறு இல்லாம கடைசி வரைக்கும் வாசிச்சுட்டு வில்லை எறக்கினாரு. ஹாலே கொல்லுனு சிரிச்சுது. ஐயரு சிரிக்கறாரு, குழந்தைங்க சிரிக்குது. இவருகூட சிரிச்சாரு. அண்ணனும் சிரிச்சாரு, நான் என் கண்ணால பாத்தேன். அப்புறம் எல்லாரும் சேந்து மறுபடி வாசிச்சு முடிச்சாங்க. எவ்வளவு பெரிய சங்கடம், நான் ஒரு சத்தத்துல காப்பாத்தி விட்டேன்னு எல்லாரும் சொன்னாங்க. கேட்டுக்கிட்டிருந்த ஒரு டாக்டரம்மா அங்கயே எழும்பூர்க் கச்சேரிக்குத் தேதி குடுத்தாங்க.

ரெண்டு நாள் கழிச்சு அண்ணன் போன் பண்ணாரு. ஊர்ல வீடு ஒழுகுதுன்னாரு.

என்ன கோபம் அவருக்கு? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். காப்பியில சக்கரை கம்மியா? வில்லை மேல இழுக்கணுமா கீழ இழுக்கணுமான்னு இவரு அடிக்கடி அவர்கிட்ட மல்லுக்கட்டுவாரு, அதா? இல்ல, பூனை அவர் பெட்டி மேல ஏறிப் படுத்துச்சே, அதா? சொன்னாத்தானே தெரியும். இந்த வாத்தியம் வாசிக்கறவங்களுக்கே வாய் கிடையாது போல. அந்த ஹால்ட்னரும் அப்படித்தான் எழுந்து போனான், இவரும் எழுந்து வந்துட்டாரு.

ஏன் மதினி அந்தக் கதவையே பாக்கறீங்க? பூனையா?

சரி, மிச்சத்தையும் சொல்லிட்டுப் போயிடறேன். மூணு பேரும் விடல. அண்ணன் எப்படியும் வந்துடுவாரு, அதுவரைக்கும் கை விட்டுப் போகக் கூடாதுன்னு வந்து உக்காந்தாங்க. நாலாவது நாற்காலிய எடுக்கல. நான் அடுப்படியில வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருக்கேன். அதே மெதுவான பாகம். இவரு மேல போறாரு. ராவ் சார் கீழ போறாரு. நடுவுல என்னமோ இல்ல. பல்லு விழுந்த இடத்த நாக்கு தேடும் பாருங்க, அப்படி எனக்குக் காது தேடுது. இவரு அங்க தனியாத் தொங்கறாரு, பிடிமானம் இல்லாம. நான் அரியறத நிறுத்திட்டு, 'ஒன் மோர்'னேன். மறுபடி வாசிச்சாங்க. மறுபடி அதே ஓட்டை. மறுபடி 'ஒன் மோர்'. மூணாவது தடவ இவரு வில்லைக் கீழ வெச்சுட்டு என்னையத் திரும்பிப் பாத்தாரு. வீட்டுல இந்த வாசிப்பு ஆரம்பிச்ச நாள்ல இருந்து முதல் தடவையாத் திரும்பிப் பாத்தாரு. 'யாரும் தப்பு பண்ணல. ஆளு இல்ல'ன்னாரு.

அதோட சரி. பெட்டிய மூடினவருதான். ஸ்டுடியோவுக்குப் போறாரு, டிக் டிக்குக்கு வாசிக்கறாரு, வர்றாரு, சுவரப் பாத்து உக்காந்துக்கறாரு. பேசாம இருந்தா எனக்குப் பழக்கம்தான். வீட்டுல வாசிக்காம இருந்ததில்ல மதினி, கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு நாளும் இருந்ததில்ல. எனக்கு வீட்டுல கால் தரிக்கல. அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடக்கறேன், சும்மா. பாத்திரம் கழுவும்போது எனக்கே தெரியாம வாய் முணுமுணுக்குது. என்னன்னு பாத்தா இவரு வாசிக்கற மெட்டு இல்ல. தும், தும், தும். நடுவுல ஒரு வளைவு. இருக்கும்போது ஒரு நாளாவது கேட்டுச்சா அது? போனப்புறம் வீடு முழுக்க அதுதான் கேக்குது. பாருங்க, இப்படி. தும், தும், தும், அப்புறம் இப்படி மேல போயி... இல்ல, இப்படிக் கீழ... எப்படியோ வளையும், எனக்கு அது வரமாட்டேங்குது. அந்த இடம் மட்டும் வரமாட்டேங்குது. என்ன கண்றாவி, எனக்கு எதுக்குக் கண்ணு கலங்குது, வெங்காயம் கூட இல்ல இங்க.

இருங்க. உள் ரூம்ல என்ன சத்தம் அது?

அதுதான். அதுதான் அந்த வளைவு! கீழ போயித்தான் மேல வருது, பாத்தீங்களா, நான் தப்பாச் சொன்னேன். வயோலா மட்டும்தான், ஒத்தையா. இதுக்கா அன்னைக்குச் சிரிச்சாங்க? மதினி, இதுக்கா எல்லாரும் சிரிச்சோம்?

அண்ணே! வெளிய போயிருக்கீங்கன்னாங்க மதினி? கதவத் தொறந்துக்கிட்டு வாங்க, நெளியாதீங்க. எளைச்சுப் போயிட்டீங்களே. என்ன? சத்தமாச் சொல்லுங்க. 'நான் சரியாத்தான் வாசிச்சேன்'னா? ஆமாண்ணே, சரியாத்தான் வாசிச்சீங்க. யாரு இல்லேன்னா? உங்க மேல என்ன தப்பு, இவருதான் முந்திக்கிட்டு எறங்கினாரு, எனக்கே கேட்டுச்சு, இவருக்கும் தெரியும். தெரியாமயா சுவரப் பாத்து உக்காந்திருக்காரு? இதச் சொல்லத்தான் மாசம் பூரா இந்த வெயில்ல வந்து ஒளிஞ்சுக்கிட்டு இருந்தீங்களா? அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்ல? வாயில என்ன, கொழுக்கட்டையா?

மதினி, நீங்க அழறீங்களா, சிரிக்கறீங்களா? ஒண்ணும் புரியல எனக்கு. நீங்களும் கிளம்புங்க. பெரியவங்கள நாத்தனார் ரெண்டு நாள் பாத்துக்க மாட்டாங்களா? நாளும் பொழுதும் இங்கயே கெடந்தா எப்ப கேக்கப் போறீங்க அவரு வாசிக்கறத? பின் வரிசையில என் பக்கத்துல உக்காருங்க. உக்காந்து என் வாயப் பொத்திக்கங்க. தப்பு வந்தாலும் சரி, நாலு பேரும் முழிச்சாலும் சரி, நிக்காமப் போகட்டும். ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் போகட்டும்.

அண்ணே, நின்னுக்கிட்டே இருந்தா எப்படி, மதுரை பஸ் போயிடும். சட்டையப் போடுங்க. ஆமா, அந்தம்மா பேரத் தேடச் சொல்றேன்னீங்களே, கெடச்சுதா? கெடைக்கலையா? சரி, பஸ்ல பேசிக்கலாம். முதல்ல உள்ள போயி அந்தக் கேக்காத பெட்டிய எடுத்துக்கிட்டு வாங்க.